தாயின் நினைவில் தங்கும் நாள்கள்: நற்றிணை முதல் பெருமாள் திருமொழி வரை

பெற்றோர் தம் பிள்ளையோடு கழித்த இனிய நாள்களை நினைத்துப் பேசும் பாடல்கள் பழந்தமிழில் பல உள்ளன. சங்க அகப்பாடல்களில் இப்பேச்சு பெரும்பாலும் நற்றாய்க்கும் செவிலித்தாய்க்கும் உரியது. மகள் காதலனோடு உடன்போக்குச் சென்ற பின்னரோ, மணமாகிக் கணவன் வீடு சென்ற பின்னரோ இவர்கள் பேசுகிறார்கள். பக்தி இலக்கியத்தில் அதே குரல் யசோதையாகவும் தேவகியாகவும் தயரதனாகவும் ஒலிக்கிறது.

இப்பாடல்களைத் தாய்மை, கற்பு, மனையறம் என்னும் தலைப்புகளின் கீழ் வகைப்படுத்திப் படிப்பது வழக்கம். அவ்வகைப்பாட்டில் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. பிள்ளையோடு கழித்த ஆயிரம் நாள்களில் எந்த நாள் பெற்றவர் நினைவில் தங்குகிறது? பிள்ளை சொன்னபடி கேட்டு, உண்டு, உறங்கிய நாளா? பாடல்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது. நினைவில் நிற்பது பெரும்பாலும் பிள்ளை சொல் கேளாத நாள். வீட்டில் இருந்தோரை ஓடவிட்டு, உணவைச் சிந்தி, களைப்புறச் செய்த நாள். இக்கட்டுரை அவ்விடையை ஐந்து நூல்களிலுள்ள சில பாடல்களைக் கொண்டு ஆராய்கிறது.

நற்றிணை 110: பால் குடிக்க மறுத்த சிறுமி

போதனார் பாடிய இப்பாடல் பாலைத்திணையைச் சேர்ந்தது. தேன் கலந்த பால் பொற்கிண்ணத்தில் இருக்கிறது. அதை ஒரு கையில் ஏந்தி, மறுகையில் நுனி பூப்போல மெல்லிய சிறு கோலை ஓங்கி, உண்ணச் சொல்கிறார்கள் செவிலியர். சிறுமி முத்துப் பரலிட்ட பொற்சிலம்பு ஒலிக்கத் தாவி, பந்தலின் கீழ் ஓடுகிறாள். நரை கலந்த கூந்தலையுடைய முதிய செவிலியர் பின்னால் ஓடி ஓடி நடை தளர்ந்து நின்றுவிடுகிறார்கள். அவள் அகப்படவில்லை.

அந்தச் சிறுமியின் இன்றைய நிலையைப் பாடலின் பின்பகுதி சொல்கிறது. அவளைக் கொண்ட கணவனின் குடும்பம் வறுமையுற்றது. தந்தை வீட்டின் வளமான சோற்றை அவள் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. ஓடும் நீரின் அடியில் நுண்மணல் வரிவரியாக இடைவெளிவிட்டுக் கிடப்பதுபோல, ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்கிறாள். இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் அவள் எங்கே கற்றாள் என்று பேசுபவர் வியக்கிறார்.

வகுப்பறைகளில் இப்பாடல் பெரும்பாலும் மனைவியின் பண்புக்குச் சான்றாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. வறுமையிலும் பிறந்தகத்தை நாடாத பெண் என்பது அதன் சாரமாகச் சொல்லப்படும். அப்பொருள் பாடலில் இருப்பது உண்மை. ஆனால் பாடலின் பாதிக்கு மேற்பட்ட பகுதியைப் பால் குடிக்க மறுத்த ஒரு நாளின் காட்சி எடுத்துக்கொள்கிறது. மகளின் பண்பைப் புகழ்வது மட்டுமே நோக்கமானால் கிண்ணத்தின் ஒளியும், பாலின் சுவையும், கோலின் மென்மையும், சிலம்பின் ஓசையும், செவிலியரின் நரையும் இத்தனை விளக்கமாகத் தேவையில்லை. பேசுபவர் அந்த நாளை விட்டு அகல மனமின்றி நிற்கிறார் என்பதையே இவ்விளக்கம் காட்டுகிறது.

சொல்லமைப்பும் இதற்குத் துணை நிற்கிறது. சிறுமி ஏவலை 'மறுப்பவள்' என்று முதற்பகுதி சொல்கிறது. வளர்ந்த பெண் பொழுதை 'மறுத்து' உண்பதாகப் பிற்பகுதி சொல்கிறது. இரண்டு இடத்திலும் வருவது ஒரே வினை. அன்று ஊட்டுபவரை மறுத்தாள். இன்று தன் பசியை மறுக்கிறாள். 'சிறு' என்னும் அடையும் மூன்று இடங்களில் வருகிறது: கோல், விளையாட்டி, மதுகையள். மதுகை என்பது வலிமை. அவள் வலிமையைச் 'சிறு' என்று குறிப்பதா, வலிமையுடைய அவளையே இன்னும் சிறியவளாகக் காண்பதா என்று பிரித்தறிய இயலாதவாறு பாடல் முடிகிறது. மகள் எவ்வளவு வளர்ந்தாலும் பேசுபவரின் கண்ணுக்கு அவள் பந்தலின் கீழ் ஓடியவளாகவே தெரிகிறாள் என்று இதைக் கொள்ளலாம்.

அன்று அந்தப் பிடிவாதம் தொல்லையாக இருந்தது. பால் ஆறியிருக்கும், முதியவர்களுக்கு மூச்சு வாங்கியிருக்கும். இன்று மகள் பசித்திருக்கிறாள் என்று அறிந்த பிறகு, அவள் உணவை வேண்டாமென்று மறுக்க முடிந்த அந்த நாளே நிறைவான நாளாகிறது. மறுப்பதற்கு உணவு இருந்தது, ஊட்டுவதற்கு ஆள் இருந்தது, தப்பி ஓடுவதற்குப் பந்தல் இருந்தது என்பதெல்லாம் பின்னர்தான் தெரிகிறது.

பேசுபவர் யார்?

இப்பாடலுக்கு இரண்டு துறைகள் சொல்லப்பட்டுள்ளன. ஒன்று மனைமருட்சி; மகள் பிரிந்தபின் தாய் வீட்டில் கலங்கி நிற்பது. மற்றொன்று மகள்நிலை உரைத்தல். மகளின் இல்லத்தைக் கண்டு வந்த செவிலி, நற்றாய்க்கு அவள் நிலையைச் சொல்வது. பாடலில் தந்தையைக் குறிக்கும் அடைக்கு, மகளை மணம் செய்து கொடுத்த தந்தை என்று பொருள் கொண்டால் இரண்டாம் துறை கூடுதலாகப் பொருந்தும்.

துறை மாறினால் நினைவின் தன்மையும் மாறும். பேசுபவர் நற்றாய் என்றால், அவர் அன்று ஓடியவர் அல்லர். ஓடியவர்களை நின்று பார்த்தவர். பேசுபவர் செவிலி என்றால், தளர்ந்து நின்ற அந்த நரைமுதியவர்களில் அவரும் ஒருவர். தம் களைப்பையே தம் இன்பமாக நினைவுகூர்கிறார். இரண்டாவது வாசிப்பில் பாடலுக்கு வேறோர் ஆழம் கிடைக்கிறது. பிள்ளையை வளர்த்த உழைப்பு யாருடையதோ அவருக்கே அந்நாளின் நுண்மைகள் நினைவிருக்கும்.

தொல்காப்பியக் கற்பியலும் செவிலியின் பேச்சுக்குக் கடந்தது, நிகழ்வது, வரப்போவது என்னும் மூன்று காலத்தையும் களமாக்குகிறது. அங்கே முதலில் வைக்கப்படுவது கடந்த காலம்.

புறநானூறு 188: தந்தையின் கண்

பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய இப்பாடல் மக்கட்பேற்றின் சிறப்புக்கு எப்போதும் சான்றாகக் காட்டப்படுவது. பலரோடு உடனுண்ணும் பெருஞ்செல்வராயினும், பிள்ளை இல்லாதவருக்கு வாழ்நாளின் பயன் இல்லை என்கிறது. பிள்ளையின் செயல்கள் வரிசையாக வருகின்றன. குறுநடை நடந்து வருதல், சிறு கையை நீட்டுதல், கலத்தில் இடுதல், தொடுதல், கவ்வுதல், துழாவுதல், நெய்ச்சோற்றை உடம்பெங்கும் சிதறுதல்.

இங்கும் இன்பத்தின் வடிவம் ஒழுங்கின்மைதான். அரசனின் உண்கலத்தில் கையிட யாருக்கும் உரிமை இல்லை, பிள்ளைக்கு உண்டு. விருந்தின் முறைமையைக் குலைக்கும் ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். முதலில் செல்வரின் பந்தியைக் காட்டி, பிறகு அதைக் குழந்தையின் கையால் கலைத்துவிடுவதே இப்பாடலின் அமைப்பு.

ஆனால் நற்றிணைப் பாடலோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு புலப்படுகிறது. புறநானூற்றுப் பாடல் உலகப் பொதுவான உண்மையாகப் பேசுகிறது. குறிப்பிட்ட ஒரு பிள்ளை இல்லை, குறிப்பிட்ட ஒரு நாள் இல்லை. ஊட்டுபவரும், சிந்திய சோற்றைத் துடைப்பவரும் பாடலில் இல்லை. தந்தை அமர்ந்திருக்கிறார், பிள்ளை வருகிறது, சோறு சிதறுகிறது, மனம் நிறைகிறது. இதைக் குறையாகச் சொல்வதைவிடப் பார்வையின் எல்லையாகச் சொல்வதே பொருத்தம். புறத்திணை மரபில் அரசன் ஒரு கருத்தை நிறுவப் பாடுகிறான். அகத்திணையில் தாய் ஓர் இழப்பைத் தாங்கப் பேசுகிறாள். இரண்டு பாடலிலும் உணவுக்கலமும் அடங்காத பிள்ளையும் இருந்தும், ஒன்று அறவுரையாகவும் மற்றொன்று நினைவாகவும் நிற்பதற்கு இதுவே காரணம்.

ஐங்குறுநூறு: விட்டுச் சென்ற பொருள்கள்

ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியை ஓதலாந்தையார் பாடினார். அதிலுள்ள 'மகட்போக்கிய தாயிரங்கு பத்து' (371–380) உடன்போக்குச் சென்ற மகளை நினைந்து தாய் வருந்தும் பத்துப் பாடல்களைக் கொண்டது. 375ஆம் பாடலில் தாய் வீட்டிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகச் சுட்டுகிறாள். இது அவள் விளையாடிய பாவை, இது அவள் எடுத்து வளர்த்த கிளி, இது அவளுக்கு இனிய பூவை என்கிறாள். மகளையும் அதே பெயர்களால் பாவை, கிளி, பூவை என்று அழைக்கிறாள். பொருளுக்கும் மகளுக்கும் ஒரே பெயராகிவிடுவதால், பொருளைக் காணும்போதெல்லாம் மகளைக் காண்கிறாள், காணும்போதெல்லாம் கலங்குகிறாள்.

நற்றிணை 184ஆம் பாடலின் தாயும் இவ்வாறே பேசுகிறாள். அவலத்தைத் தாங்கிக்கொள் என்று ஊரார் சொல்கிறார்கள். மகள் விளையாடிய நொச்சியும் திண்ணையும் கண்ணில் படும்போது அது எப்படி முடியும் என்று கேட்கிறாள்.

இப்பாடல்களில் நினைவு ஏதோ ஒரு சிறப்பு நாளைத் தேடிச் செல்லவில்லை. விழா, மணம், பிறந்த வேளை என எதுவும் இல்லை. அன்றாடம் கைபட்ட பொருள்கள் மட்டுமே உள்ளன. திண்ணையில் இறைந்து கிடந்த விளையாட்டுப் பொருளை எடுத்து வைக்கும்படி எத்தனையோ முறை சொல்லியிருப்பாள் அந்தத் தாய் என்று வாசகர் எண்ணிக்கொள்ளலாம். இப்போது அவை வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கின்றன. அந்த ஒழுங்குதான் துன்பம்.

மாற்றுச் சான்று: அமைதியான வீடு

இதற்கு மாறான பாடல்களும் உள்ளன. அதே ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் பேயனார் பாடிய 'செவிலி கூற்றுப் பத்து' (401–410) நிறைவான இல்லத்தை அமைதியாகவே காட்டுகிறது. குட்டியை நடுவில் கிடத்திய மான்களைப்போலக் கணவனும் மனைவியும் புதல்வனை இடையில் வைத்துப் படுத்திருப்பதை 401ஆம் பாடல் காட்டுகிறது. தளர்நடையோடு சிறுதேர் உருட்டும் பிள்ளையைக் கண்டு தந்தையின் உள்ளம் விரிவதை 403ஆம் பாடல் சொல்கிறது. இங்கே ஓட்டமும் இல்லை, சிதறலும் இல்லை.

இவ்வேறுபாட்டுக்குக் காலமே காரணம் எனத் தோன்றுகிறது. செவிலி இங்கே நினைவுகூரவில்லை. மகள் வீட்டுக்குச் சென்று கண்டு வந்ததைச் சொல்கிறாள். இன்பம் கண்முன் இருக்கும்போது அதை ஓர் ஓவியம்போல அசைவின்றிக் காட்ட முடிகிறது. மேலும் இங்கே பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு அவளுடையது அன்று. அவள் விருந்தினள். விருந்தினர் கண்ணுக்கு வீடு அமைதியாகவே தெரியும்.

இரண்டுக்கும் இடைப்பட்டது கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167. புதிதாகக் குடும்பம் நடத்தும் மகளின் சமையலைச் செவிலி கண்டு வந்து சொல்கிறாள். மகள் கட்டித் தயிரைப் பிசைந்த விரல்களை உடுத்த ஆடையில் துடைத்துக்கொள்கிறாள். அதைத் துவைக்காமலே உடுத்தியிருக்கிறாள். தாளிப்பின் புகை கண்ணில் படுகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது.

ஆடையில் துடைத்த விரலை முதலில் காண்பது வளர்த்தவளின் கண். பிறந்த வீட்டில் இருந்தபோது அதற்காகக் கண்டித்திருக்கக்கூடியவள் அவள். இப்போது கண்டிக்கவில்லை, மகிழ்ச்சியின் அடையாளமாக அதையே எடுத்துச் சொல்கிறாள். குற்றமாகத் தெரிந்திருக்க வேண்டியது அன்பின் சான்றாக மாறும் இடம் இது.

பெருமாள் திருமொழி: கிடைக்காத தொல்லை

குலசேகர ஆழ்வாரின் பெருமாள் திருமொழியில் ஏழாம் திருமொழி தேவகியின் புலம்பலாக அமைந்தது. கண்ணனைப் பெற்றவள் தேவகி, வளர்த்தவள் யசோதை. தேவகிக்கு நினைவுகூர ஒரு நாள்கூட இல்லை. எனவே தனக்குக் கிடைக்காத நாள்களை எண்ணிப் பார்க்கிறாள்.

அவள் எதை இழந்ததாகச் சொல்கிறாள் என்பது கவனிக்கத்தக்கது. செம்மண் புழுதியாடி வந்து பிள்ளை தன் மார்பில் ஒட்டிக்கொள்ளவில்லை என்கிறாள். சிறு விரல்கள் எல்லாவற்றாலும் வாரி வாயில் திணித்துக்கொண்ட சோற்றின் மிச்சத்தைத் தான் உண்ணப் பெறவில்லை என்கிறாள். உன் தந்தை யார் என்று பிறர் கேட்கும்போது பிள்ளை விரலாலும் கடைக்கண்ணாலும் காட்டும் பேற்றை நந்தன் பெற்றான், வசுதேவன் பெறவில்லை என்கிறாள். யசோதை பெற்ற இன்பத்தின் உச்சமாக அவள் வரிசைப்படுத்துவன: வெண்ணெய் அளைந்த கை, கயிற்றால் அடிப்பாளோ என்று அஞ்சும் நிலை, தயிர் தோய்ந்த வாய், அழுகை, அச்சப் பார்வை, நெளியும் உதடு, கூப்பிய கை.

இவை அனைத்தும் ஒரு குறும்புக்காரப் பிள்ளை பிடிபட்ட நேரத்தின் அடையாளங்கள். கடவுளின் பெருஞ்செயல்கள் இப்பட்டியலில் இல்லை. வெண்ணெய் திருடிய பிள்ளையைக் கண்டிக்கும் தொல்லையே தேவகிக்குக் கிடைக்காத பெரும்பேறு. அறிவுடைநம்பியின் பாடலில் சிதறிய சோறு, இங்கே வாயிலிருந்து எஞ்சிய சோறாகிறது. நற்றிணைச் செவிலி தந்ததும் பிள்ளை மறுத்ததும் உணவுதான். மூன்று பாடல்களும் பிள்ளையின் கையையும் வாயையும் ஒட்டியே அன்பைப் பேசுகின்றன.

இப்பாசுரத்தில் யசோதையின் இன்பத்துக்குத் 'தொல்லை' என்னும் அடை வருவதை மாணவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. அங்கே அது பழமையான, எல்லையில்லாத என்னும் பொருளில் வருகிறது. இன்றைய வழக்கிலுள்ள தொந்தரவு என்னும் பொருள் அங்கே இல்லை.

தயரதன் கேட்கும் கேள்வி

அதே நூலின் ஒன்பதாம் திருமொழி, இராமனைக் காட்டுக்கு அனுப்பிய தயரதனின் புலம்பல். நேற்றுவரை மெத்தென்ற படுக்கையில் உறங்கியவன், இன்று மரநிழலில் கல்லைப் படுக்கையாகக் கொண்டு உறங்கக் கற்றுக்கொண்டாயோ என்று மகனைக் கேட்கிறான் தந்தை.

நற்றிணை 110இன் கேள்வியும் இதுவே. வேளை தவறி உண்ணும் அறிவை மகள் எங்கே பெற்றாள்? இரண்டு பாடல்களுக்கும் திணை வேறு, காலம் வேறு, நோக்கம் வேறு. ஆயினும் பெற்றவரின் வியப்பு ஒன்றே. தாம் கற்றுக்கொடுக்காத ஒன்றைப் பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது. பசியைத் தாங்கவும் கல்லில் உறங்கவும் எந்தப் பெற்றோரும் விரும்பிக் கற்பிப்பதில்லை. அதை வாழ்க்கை கற்பிக்கும்போது பெற்றோர் அருகில் இருப்பதில்லை.

அந்தக் கல்விக்கு முந்தைய நாளையே நினைவு பற்றிக்கொள்கிறது. பால் வேண்டாம் என்று ஓடிய நாள், மெத்தையில் உறங்கிய இரவு, ஆடையில் விரலைத் துடைத்துக்கொள்ளும் பழக்கம் ஆகியவை பிள்ளை இன்னும் எதையும் தாங்கக் கற்காத காலத்தின் சின்னங்கள்.

மதிப்பீடு

இப்பாடல்களை எவரோ ஒரு தாயின் நேரடி வாழ்க்கைக் குறிப்பாகக் கொள்ள இயலாது. அகப்பாடல்களின் மாந்தர் பெயரற்றவர்கள். கூற்றுகள் மரபால் வகுக்கப்பட்டவை. பொற்கிண்ணமும் பல செவிலியரும் உள்ள வீடு எல்லார் வீடும் அன்று. மகளைப் பற்றிய நினைவே அகத்தில் மிகுதி என்பதற்கும், மகள்தான் வீட்டைவிட்டுப் போகிறவள் என்னும் சமூக ஏற்பாடே அடிப்படை.

இவ்வெல்லைகளுக்கு உட்பட்டும், இப்பாடல்கள் பெற்றோரின் நினைவைப் பற்றி நுட்பமான ஓர் உண்மையைப் பதிவு செய்கின்றன. நற்றிணை 110ஐக் கற்புக்குச் சான்றாக மட்டும் படிக்கும்போது, மகளின் பசி ஒரு பெருமையாகச் சுருங்கிவிடுகிறது. முதற்பகுதியின் பாற்கிண்ணத்தை மறவாமல் படித்தால், பேசுபவரின் பெருமைக்கு அடியில் ஒரு நடுக்கம் இருப்பது தெரியும். மகள் நன்றாக வளர்ந்துவிட்டாள் என்று சொல்லும் அதே வாய், அவள் அப்படி வளராமல் இருந்த நாளை விட மனமின்றி விரித்துச் சொல்கிறது. இவ்விரண்டையும் ஒருசேரத் தாங்குவதாலேயே அது வெறும் அறப்பாடலாக நின்றுவிடாமல் கவிதையாகிறது.

மாணவர்கள் இப்பாடல்களைத் தனித்தனியே படிப்பதோடு, ஊட்டுதல், மறுத்தல், சிதறுதல் ஆகிய செயல்களை வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிப்பது பயன் தரும். ஒவ்வொரு பாடலிலும் யார் பேசுகிறார், அன்று அந்த வேலையைச் செய்தவர் யார், இன்று பிள்ளை எங்கே இருக்கிறது என்னும் மூன்று கேள்விகளைக் கேட்டால், ஒரே காட்சி வெவ்வேறு பொருள் கொள்வதைக் காணலாம். போதனாரின் பாடலில் அந்தப் பாற்கிண்ணம் இன்னும் நிறைந்தபடியே இருக்கிறது. சிறுமி குடித்ததாக எங்கும் சொல்லப்படவில்லை.